அரை ஜோடி: ஃபாக்ஸ்ஹவுண்டை வீட்டில் வைத்துப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் வேட்டைக் கொட்டில்களில் நாய்களை ஒன்று, இரண்டு என்று எண்ணும் வழக்கம் கிடையாது. இருபத்தைந்து நாய்கள் நின்றால் அதைப் பன்னிரண்டரை ஜோடி என்பார்கள். தனியாக நிற்கும் ஒரு நாய்க்கு அந்தக் கணக்கில் அரை ஜோடி என்று பெயர். நரி வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட ஃபாக்ஸ்ஹவுண்ட் நாயை வீட்டுக்கு அழைத்துவர நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஓயாத ஊளை, குதறப்பட்ட கதவு, வேலி தாண்டிய ஓட்டம் என்று இந்த நாயைப் பற்றி வீடுகளில் எழும் புகார்களில் பெரும்பாலானவை, அந்த அரை ஜோடிக்கு மறுபாதி கிடைக்காததால் எழுபவை. அந்த மறுபாதியாக நீங்கள் இருக்கலாம், இன்னொரு நாய் இருக்கலாம். இரண்டும் அமைந்துவிட்டால் நாய்க்கு அதைவிட நல்ல வாழ்வு இல்லை.

நாயின் பின்னணி

இங்கிலீஷ் ஃபாக்ஸ்ஹவுண்ட் தோள்வரை ஏறத்தாழ 58 முதல் 64 செ.மீ. உயரமும், 30 கிலோவை ஒட்டிய எடையும் கொண்டது. நேரான கால்கள், ஆழமான மார்பு, பூனையின் பாதம்போல் உருண்டு திரண்ட பாதங்கள் என்று அதன் உடல் முழுவதும் நாள் முழுக்க ஓடுவதற்காகவே அமைந்தது. லெஸ்டர்ஷயரில் 1753 முதல் 1800 வரை குவார்ன் வேட்டைக் கூட்டத்தை நடத்திய ஹியூகோ மெய்னல், மோப்பத்தோடு வேகமும் சேரும்படி இனத்தைத் தேர்ந்து பெருக்கியவர்களில் முதன்மையானவர். தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கு அறிந்த சிப்பிப்பாறையும் கன்னியும் இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்துபவை. ஃபாக்ஸ்ஹவுண்டோ மூக்கைத் தரையில் வைத்து, இரை சென்று வெகுநேரமான பிறகும் அதன் தடத்தைப் பற்றிக்கொண்டு, குரலெழுப்பித் தன் கூட்டத்தாரை அழைத்தபடி மணிக்கணக்கில் ஓடும் நாய். சிப்பிப்பாறைக்கு வேட்டை சில நிமிட வேலை, இதற்கு அது ஒரு பகல் பொழுதின் வேலை. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பயிற்சியில் பாதி புரிந்துவிடும்.

நரியை நாய்க்கூட்டத்தால் வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு கூட்டங்கள் முன்கூட்டியே இடப்பட்ட செயற்கைத் தடத்தைப் பின்தொடர்வதாக இயங்கிவருகின்றன. அதைச் சுற்றியுள்ள விவாதம் பெரியது, அது இந்தக் கட்டுரையின் பொருளன்று. நம் கவலை நாயைப் பற்றியது. ஆறேழு வேட்டைப் பருவங்கள் ஓடியபின் கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகும் நாய்களும், இளமையிலேயே கூட்டத்தோடு ஒத்துப்போகாத நாய்களும் உண்டு. நெடுங்காலமாகப் பல கொட்டில்களில் அவற்றின் முடிவு கொல்லப்படுவதாகவே இருந்தது. அவை வீட்டு வாழ்க்கைக்குப் பழகாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஏழு பருவங்கள் ஓடிவிட்டு வந்த ரேரிட்டி என்ற பெண் நாயோடு வாழ்ந்துவரும் எனக்கு, அந்தக் காரணம் தவறு என்று உறுதியாகத் தெரியும். பழகும். ஆனால் பழக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதல் படி: வீட்டை எடைபோடுதல்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இந்த நாயை எடுக்க வேண்டாம். வெட்டவெளியில் இதன் குரல் மைல் கணக்கில் கேட்கும். திறந்த வயல்களில் கூட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் அது இருக்கும் திசை தெரிய வேண்டும் என்பதற்காக, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குரல் அது. அதை அடக்கப் பார்ப்பது நாய்க்குச் செய்யும் அநீதி.

பகலில் வீட்டில் யாரும் இல்லாத குடும்பமும், பூனையோ கோழியோ வளர்க்கும் குடும்பமும் நன்றாக யோசிக்க வேண்டும். ஃபாக்ஸ்ஹவுண்ட் மனிதரிடமும் பிற நாய்களிடமும் பெரும்பாலும் மிகவும் சாதுவானது. கூட்டத்தில் சண்டையிடும் நாய்க்கு இடமில்லை என்பதால், அந்தச் சாதுத்தன்மை அதன் இனத்தோடு கலந்தது. ஆனால் ஓடும் சிறு விலங்கைக் கண்டால் அது தோழமை பார்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

சமவெளித் தமிழ்நாட்டில் இதை வளர்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். ஆங்கிலேயர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இந்த நாய்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, நீலகிரியின் வென்லாக் புல்வெளிகளில் குள்ளநரி வேட்டைக்குப் பயன்படுத்தினார்கள். அவர்கள் குளிர்ந்த மலையைத் தேர்ந்ததற்கு நாயின் உடல்வாகும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் நடந்தும் ஓடியும் ஆக வேண்டிய ஒரு நாயைச் சென்னை வெயிலில் வைத்திருப்பது அதற்கு நல்லதல்ல.

இரண்டாம் படி: வேலி

நாய் வருவதற்கு முன்பே வேலி முடிந்திருக்க வேண்டும். உயரம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது. இங்கிலாந்தில் தோட்ட வேலி இரண்டு மீட்டரைத் தாண்டினால் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படும் என்பதால் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமே வசதியானது. வேலியின் அடியில், உட்புறமாக, அரை மீட்டர் அகலத்துக்குக் கம்பி வலையைப் படுக்கையாகப் பதித்து மண் மூடிவிட்டால் தோண்டும் முயற்சி நின்றுவிடும். வேலியை ஒட்டி மரக்கட்டை அடுக்கு, குப்பைத்தொட்டி, பெஞ்சு எதுவும் இருக்கக் கூடாது. வாசற்கதவின் தாழ்ப்பாள் நாய் மூக்கால் தூக்க முடியாததாக இருக்க வேண்டும். வந்த மூன்றாம் வாரத்தில் ரேரிட்டி எங்கள் பழைய தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டாள், அன்றைக்குப் பட்ட பதைப்பு இன்றும் நினைவில் இருக்கிறது.

மூன்றாம் படி: நாயைத் தேர்ந்தெடுத்தல்

கூட்டத்து நாய்களுக்கு நாம் நினைப்பதைவிடக் கொஞ்சம் வீட்டு அனுபவம் உண்டு. எட்டுப் பத்து வார வயதில் குட்டிகளைக் கொட்டிலிலிருந்து பண்ணை வீடுகளுக்கு அனுப்பி, அங்கே கோழி, ஆடு, மாடு, குழந்தைகள், வண்டிகள் நடுவே சில மாதங்கள் வளரவிட்டு, பிறகு திரும்ப அழைத்துக்கொள்வது நீண்டநாள் வழக்கம். பெரும்பாலும் ஒரு வீட்டுக்கு இரண்டு குட்டிகளாகவே அனுப்புவார்கள். அங்கும் ஜோடிக் கணக்குத்தான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த நாய் குட்டியாக எங்கே வளர்ந்தது என்பது. நல்ல பண்ணை வீட்டில் வளர்ந்த நாய், ஏழாண்டுகள் கழித்தும் சமையலறையின் வாசனையை நினைவு வைத்திருப்பதுபோல் உள்ளே வந்து படுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நாயைத் தினமும் பார்த்த வேட்டைத் தலைவரிடம் பேசுங்கள். ஆடு, மான், முயல் பின்னால் தடம் மாறி ஓடிய பழக்கம் இருந்ததா, கொட்டிலில் எந்த நாயோடு ஒட்டிப் படுக்கும், பழைய காயங்கள் என்ன, எந்தச் சொல்லுக்கு நிற்கும், எந்தக் கொம்பொலிக்குத் திரும்பும் என்று கேளுங்கள். ஒவ்வொரு நாயின் பெயரையும் சுபாவத்தையும் தனித்தனியாக அறிந்தவர் அவர். அவர் அழைக்கும் தொனியைக் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டால் பின்னால் பெரிதும் உதவும். பெயரை மாற்ற வேண்டாம். கூட்டத்தில் உணவு நேரத்தில் ஒவ்வொரு நாயாகப் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதால் அந்தப் பெயர் அதன் காதில் ஆழமாகப் பதிந்திருக்கும், நீங்கள் பெறும் ஒரே ஆயத்தப் பயிற்சி அதுதான்.

முடிந்தால் கொட்டிலில் ஒட்டிப் படுத்த இரண்டு நாய்களையும் சேர்த்தே அழைத்துவாருங்கள். வேலை இரட்டிப்பாகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் தனி நாயின் தவிப்பைச் சமாளிப்பதுதான் கூடுதல் வேலை. அனுபவமற்றவர்கள் ஒரே ஈற்றின் இரண்டு குட்டிகளை மட்டும் எடுக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அவை ஒன்றையொன்று மட்டுமே கவனித்து மனிதரைக் கவனிக்காமல் வளர்ந்துவிடக்கூடும்.

நான்காம் படி: முதல் சில வாரங்கள்

கொட்டிலிலிருந்து வரும் நாய்க்கு மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வழுக்கும் மரத்தரை, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரத்தின் ஒலி எல்லாமே புதியவை. ஓர் அறையோடு தொடங்கி, அது அங்கே தயங்காமல் படுத்துத் தூங்கும்வரை அடுத்த அறையைத் திறக்காதீர்கள். இரவில் அதைத் தனியறையில் பூட்டக் கூடாது. பிறந்தது முதல் ஒரே பலகை மேடையில், வைக்கோல் நடுவே, மற்ற உடல்களின் சூட்டில் தூங்கிய உயிர் அது. முதல் இரண்டு வாரங்களாவது ஒருவர் அதே அறையில் படுத்துக்கொள்ள வேண்டும். நான் தரையில் மெத்தை போட்டுப் படுத்தேன். மூன்றாம் இரவில் ரேரிட்டி என் முதுகில் முதுகை வைத்துப் பெருமூச்சு விட்டுத் தூங்கினாள்.

மலசலப் பழக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. கொட்டில் நாய்கள் தாங்கள் படுக்கும் மேடையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, வெளியே உள்ள சிமெண்ட் முற்றத்தில் கழிக்கப் பழகியவை. எனவே கம்பளத்தைவிட, சிமெண்ட் முற்றத்தை ஒத்த சமையலறைத் தரைதான் அவற்றுக்குப் பொருத்தமான இடமாகத் தோன்றும். இதைத் தெரியாமல் நாயைத் திட்டுபவர்கள் பலர். எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடியவுடன் தோட்டத்தின் ஒரே மூலைக்கு அழைத்துச் சென்று, அங்கே கழித்ததும் பாராட்டிவிட்டு உள்ளே வாருங்கள். வளர்ந்த நாயும் சில வாரங்களில் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் படி: உணவு

நீண்ட தொட்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உண்ட நாய்க்கு, மெதுவாக உண்பது பட்டினிக்கு நிகர். அதனால் விழுங்கும் வேகத்தைக் குறைக்க மேடுபள்ளமான தட்டைப் பயன்படுத்தி, ஒரு நாள் உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது ஓட்டம் கூடாது. ஆழமான மார்புள்ள பெருநாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமல் குமட்டுவது, வயிறு பறைபோல் இறுகுவது, எச்சில் ஒழுகுவது, ஓரிடத்தில் நிற்க முடியாமல் தவிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். அவற்றைக் கண்டால் காலைவரை காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

பண்ணைகளில் இறந்த கால்நடைகளின் இறைச்சியைப் பச்சையாகக் கொடுப்பது பழைய கொட்டில் முறை. வீட்டில் அதைப் பின்பற்றாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு ஃபாக்ஸ்ஹவுண்ட் கூட்டத்தில் மாட்டுக் காசநோய் பரவிய நிகழ்வு ஆய்வாளர்களால் பதிவுசெய்யப்பட்டிருக்கிறது. கால்நடைகளின் இரைப்பையையே பெரும்பங்கு உணவாக உண்ட கூட்டங்களில், தண்டுவடம் பழுதாகிப் பின்னங்கால்கள் தள்ளாடும் நோயும் முன்பு காணப்பட்டது. வளர்ந்த பெருநாய்க்கான முழுமையான உலர் உணவு போதும். தோல்மீது கைவைத்தால் விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாய் பழைய அளவிலேயே உண்டால் சில மாதங்களில் பருத்துவிடும். மேசைமேல் வைத்த எதுவும் இந்த நாய்க்கு எட்டும் என்பதால், சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று கலந்த இனிப்புகள் ஆகிய நஞ்சுகளை மூடிய அலமாரிக்குள் வையுங்கள்.

ஆறாம் படி: நடையும் மூக்கும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படிக்கலாம்.

வளர்ந்த ஃபாக்ஸ்ஹவுண்டுக்குத் தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேர நடை வேண்டும், அதில் ஒரு பகுதியாவது துள்ளோட்டமாக இருக்க வேண்டும். குட்டிகளுக்கு எலும்பு முற்றும்வரை, ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை, நீண்ட ஓட்டமும் உயரத் தாவலும் வேண்டாம். நடக்கப் போகும்போது மார்பைச் சுற்றிய சேணப்பட்டையில் கயிற்றைக் கட்டுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டு ஆணையின் விதி. 2016 முதல், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் கட்டாயம்.

மனித மூக்கில் மோப்ப உணர்செல்கள் ஏறத்தாழ 50 லட்சம் என்றால், வேட்டை மோப்ப நாய்களிடம் அது 20 கோடிக்கு மேல் என்று சொல்வார்கள். அந்த மூக்கு ஒரு தடத்தைப் பற்றிவிட்டால் அழைப்பு காதில் விழும், ஆனால் பொருட்டாகாது. அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணித் தண்டிப்பவர்கள், நாய் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டதோ அந்த வேலையைச் செய்ததற்காக அதைத் தண்டிக்கிறார்கள். எனவே வேலியில்லாத இடத்தில், குறிப்பாக ஆடுகள் மேயும் நாட்டுப்புறத்தில், கயிறு அவிழ்க்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் கால்நடையைத் துரத்தும் நாயின் உரிமையாளர் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளி. தன் மந்தையைக் காக்க வேறு வழியின்றி நாயைச் சுட நேரும் விவசாயிக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு.

திரும்ப அழைக்கும் பயிற்சியை வீட்டுக்குள் தொடங்குங்கள். ஒரு குறிப்பிட்ட ஒலியைத் தேர்ந்துகொள்ளுங்கள். வேட்டைத் தலைவரின் குட்டைச் செம்புக் கொம்பு கிடைத்தால் அதுவே சிறந்தது, இல்லாவிட்டால் ஒரு விசில் போதும். ஒலித்தவுடன், நாய் என்ன செய்துகொண்டிருந்தாலும், அது மிகவும் விரும்பும் இறைச்சித் துண்டைக் கொடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தபின் தோட்டத்திலும், பிறகு பத்து மீட்டர் நீளக் கயிற்றோடு திறந்த வெளியிலும் தொடருங்கள். நாய் தடத்தில் இறங்கிய பிறகு ஊதிப் பயனில்லை. தலை தாழ்ந்து, வால் வேகமாக அசையத் தொடங்கி, இன்னும் குரல் எழும்பாத அந்த ஓரிரு நொடிகள் இருக்கின்றனவே, அப்போதே ஊத வேண்டும். வாலைப் படிக்கக் கற்றுக்கொள்வதுதான் உங்கள் பயிற்சி.

ஆனால் மூக்கைத் தடுப்பதோடு நின்றுவிட்டால் நாய் வாடிவிடும், அதற்கு வேலை கொடுக்க வேண்டும். இன்னொருவரை விட்டு, இறைச்சி வேகவைத்த நீரில் நனைத்த துணியைப் புல்வெளியில் ஐம்பது அடி தூரம் நேராக இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். முடிவில் ஒரு பெட்டியில் உணவை வையுங்கள். பத்து நிமிடம் கழித்து, நீளக் கயிற்றோடு நாயைத் தடத்தின் தொடக்கத்துக்கு அழைத்துவந்து, ஒன்றும் சொல்லாமல் அதன் பின்னால் போங்கள். அடுத்த வாரங்களில் தூரத்தைக் கூட்டுங்கள், திருப்பங்களைச் சேருங்கள், தடத்தை ஒரு மணி நேரம்வரை பழையதாக விடுங்கள். குளிர்ந்த ஈரமான காலையில் மணம் தரையில் தங்கும், வெயிலும் காற்றும் அதைக் கலைத்துவிடும் என்பதால் நேரத்தை அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளுங்கள். தடத்துக்கென்று தனிச் சேணப்பட்டை வைத்துக்கொண்டால், அது இல்லாத நேரத்தில் நடை வெறும் நடைதான் என்பதை நாய் சில நாட்களில் புரிந்துகொள்ளும். அரை மணி நேரத் தட வேலை ஒரு நீண்ட நடைக்கு ஈடான களைப்பைத் தரும். அதைவிட முக்கியமாக, நீங்களும் அதுவும் ஒரே தடத்தில் சேர்ந்து போனவர்கள் ஆகிவிடுகிறீர்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் தப்பி ஓடலாம், அதனால் இருப்பிடம் காட்டும் கருவியைக் கழுத்துப்பட்டையில் பொருத்திவையுங்கள். காணாமல் போனால் கத்திக்கொண்டு துரத்தாமல், நாய் பிரிந்த இடத்திலேயே நீங்கள் அணிந்த மேலாடையையும் தண்ணீரையும் வைத்துவிட்டு ஒருவர் அங்கேயே காத்திருங்கள். தடம் முடிந்ததும் பல நாய்கள் தாம் வந்த வழியிலேயே மோப்பம் பிடித்துத் திரும்பும். மற்றவர் உள்ளூராட்சியின் நாய்க் காப்பாளருக்கும், மைக்ரோசிப் பதிவகத்துக்கும், அருகிலுள்ள பண்ணைகளுக்கும் தொலைபேசியில் சொல்லட்டும்.

ஏழாம் படி: தனிமை

தனியாக விடுவதை நிமிடக் கணக்கில் பழக்க வேண்டும். கதவைத் தாண்டி ஒரு நிமிடம் நின்று, ஊளை தொடங்குவதற்கு முன்பே திரும்புங்கள். இரண்டு, ஐந்து, பத்து என்று பல வாரங்களில் கூட்டிக்கொண்டு போங்கள். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சென்று, நாயை அறிமுகப்படுத்தி, தொந்தரவு இருந்தால் உங்களிடமே சொல்லும்படி கேட்டுக்கொள்வது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும்.

கொட்டில்களில் இளம் நாயை வெளியே பழக்கும்போது, இரண்டு கழுத்துப்பட்டைகளைச் சிறு சங்கிலியால் இணைத்து, அனுபவமுள்ள மூத்த நாயோடு பூட்டி நடத்துவார்கள். எங்கே நிற்பது, எதைப் பார்த்தும் பாராமல் போவது என்பதையெல்லாம் இளையது மூத்ததிடம் கற்றுக்கொள்ளும். வீட்டிலும் இதே நியதி பலிக்கிறது. அமைதியான வேறொரு நாய், எந்த இனமானாலும், ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஃபாக்ஸ்ஹவுண்ட் அதைப் பார்த்தே பாதி ஒழுங்கைக் கற்றுக்கொண்டுவிடும்.

எட்டாம் படி: உடல் பராமரிப்பு

குட்டையான, தடித்த ரோமத்துக்கு வாரம் ஒருமுறை ரப்பர் சீப்பு போதும். தொங்கும் காதுகளை வாரம்தோறும் திறந்து முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் பாதங்களின் இடுக்குகளையும், உண்ணிக்காகக் காதோரத்தையும் அக்குளையும் பாருங்கள். வாலின் நுனி சுவரில் அடிபட்டு ரத்தம் கசிவது இந்த இனத்துக்குச் சாதாரணம்.

நத்தையையும் ஓடில்லா நத்தையையும் நாய் தின்பதால் தொற்றும் நுரையீரல் புழு பிரிட்டனில் நரிகளிடமும் உண்டு. நரிகள் நடமாடும் தோட்டத்தில் வளரும் நாய்க்கு அதற்கான மருந்தை மாதம்தோறும் தவறாமல் கொடுக்கும்படி மருத்துவரிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து நாய் எடுப்பவர்கள் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய்க்கான சோதனையைத் தவிர்க்கக் கூடாது. நியூயார்க் மாநிலத்தின் ஒரு வேட்டைக் கூட்டத்தில் 1999-இல் வெளிப்பட்ட அந்த நோய், தாயிடமிருந்து குட்டிகளுக்குக் கருவிலேயே தொற்றுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. இந்த இனத்தில் சிறுநீரகத்தில் புரதம் படியும் நோயும் காணப்பட்டிருப்பதால், தண்ணீர் குடிக்கும் அளவு திடீரெனக் கூடினால் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். வலியைக் காட்டிக்கொள்ளாமல் ஓடப் பழகிய நாய் என்பதால் நொண்டல் கண்ணில் படும் நாளில் காயம் பழையதாகியிருக்கும். எனவே வாரம் ஒருமுறை தலைமுதல் வால்வரை கையால் தடவிப் பார்க்கும் வழக்கத்தை நான் பரிந்துரைக்கிறேன்.

ஒன்பதாம் படி: முதுமை

பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள்வரை வாழும் இனம் என்பதால், ஓய்வுபெற்று வரும் நாயோடு உங்களுக்குக் கிடைப்பவை நான்கைந்து ஆண்டுகளாக இருக்கலாம். மூட்டுகள் இறுகத் தொடங்கும்போது நடையைப் பல சிறு நடைகளாகப் பிரியுங்கள். படுக்கையைக் குளிர்ந்த தரையிலிருந்து உயர்த்துங்கள். தட விளையாட்டை மட்டும் நிறுத்த வேண்டாம். காதும் கண்ணும் மங்கிய பிறகும் மூக்கு நெடுநாள் நிற்கும். இருபது அடித் தடம் போதும், அதை முடித்துவிட்டுத் தலையை உயர்த்திப் பார்க்கும் பார்வையில் பழைய நாய் அப்படியே இருக்கும்.

ஜோடியில் ஒன்று முதலில் போகும்போது, மற்றதற்கு உடலை முகர்ந்து பார்க்க நேரம் கொடுங்கள். முகர்ந்து அறிவதே அதன் வழி. அதன்பின் சில நாட்கள் அது உண்ணாமல் கதவருகே படுத்திருக்கலாம். இரண்டு நாளைக்கு மேல் முழுப்பட்டினி நீடித்தால் மருத்துவரை அழையுங்கள். அந்த வாரங்களில் பழைய மெத்தையை மறுபடியும் தரையில் விரித்து, முதல் இரவுகளில் படுத்ததுபோலவே அதன் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.